பாடசாலைக் காணியும் ஏரிக்கரை வீடுகளும்

ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமுமுள்ள ஒரு சதுரத்தை முப்பத்தாறு சம கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் ஆகும். யாழ்ப்பாணத்துக் கணக்கில் 10,240 பரப்பு. 1785ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் தன் மேற்குத் திசை நிலங்களை இவ்வாறு அளந்து விற்பதற்குச் சட்டமியற்றியபோது, ஒவ்வொரு சதுரத்திலும் பதினாறாம் கட்டத்தை விற்காது ஒதுக்கிவைக்குமாறு விதித்தது. அக்கட்டத்தின் வருவாய் அவ்வூர்ப் பாடசாலைக்கு உரியது என்பதே ஏற்பாடு.

கல்வியின்பாலுள்ள பற்று மாத்திரமே இதற்குக் காரணம் எனக் கொள்ளுதல் பேதைமை. பாடசாலை உண்டு என்ற உறுதி குடியேறுவோரை ஈர்க்கும். குடியேறுவோர் வந்தால் ஏனைய முப்பத்தைந்து கட்டங்களும் நல்ல விலைக்குப் போகும். அளக்கப்பட்ட நிலமோ செவ்விந்திய மக்களின் வாழ்நிலம். எனினும், வருங்காலப் பிள்ளைகளின் பெயரில் ஓர் அரசு காணியை ஒதுக்கிவைத்தது என்பது வரலாற்றில் சிறு செய்தியன்று. அந்தக் காணிக்கு என்ன நேர்ந்தது என்பதை, ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் அறிந்துகொள்ளல் தகும்.

முதலில் நேர்ந்தது கொள்ளை. ஒகையோ மாநிலத்தில் பாடசாலைக் காணிகள் அற்ப தொகைக்குக் குத்தகையாகக் கைமாறின. சட்டசபை உறுப்பினரின் சுற்றத்தாருக்கும் வேண்டியவர்களுக்குமே அக்குத்தகைகள் சென்றன என்ற குற்றச்சாட்டு அக்காலத்திலேயே எழுந்தது. 1826இல் அக்காணிகளை விற்கவும் காங்கிரஸ் அனுமதி வழங்கியது. மிசிசிப்பியில் 99 ஆண்டுக் குத்தகை வழக்காயிற்று. குத்தகை எழுதியவனும் எழுதுவித்தவனும் மாண்டு, அவர்தம் பேரப்பிள்ளைகளும் முதுமை எய்தும் காலம் வரை ஒரே தொகை! அம்மாநிலத்தின் வடபகுதியில், சிக்கசோ மக்களிடமிருந்து பெறப்பட்ட நாட்டில், பதினாறாம் கட்டத்துக்குப் பதிலாக வழங்கப்பட்ட காணிகளை 1850களில் விற்றுப் பணத்தைப் புகையிரதக் கம்பனிகளுக்குக் கடனாகக் கொடுத்தனர். உள்நாட்டுப் போரில் அப்புகையிரதப் பாதைகளோடு பணமும் அழிந்தது. இதன் விளைவு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1986இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில் எடுத்துக்காட்டப்பட்ட கணக்கின்படி, மிசிசிப்பியின் ஏனைய பகுதிகளில் இக்காணிகளால் ஒரு மாணவருக்குக் கிடைத்த ஆண்டு வருவாய் சராசரி 75 டொலருக்கு மேல். சிக்கசோ பகுதியில் 63 சதம்.

இவ்வனுபவங்கள் காங்கிரசின் கையை இறுக்கின. 1890ஆம் ஆண்டு யூலை மாதம் ஐடஹோ ஒரு மாநிலமாகச் சேர்க்கப்பட்டபோது, ஒவ்வொரு சதுரத்திலும் பதினாறாம், முப்பத்தாறாம் கட்டங்கள் இரண்டும் பாடசாலைகளுக்கென வழங்கப்பட்டன. பல்கலைக்கழகம், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, மனநோய் மருத்துவமனை ஆகியவற்றுக்கும் காணி கிடைத்தது. மொத்தம் ஏறத்தாழ 36 இலட்சம் ஏக்கர். ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. பாடசாலைக் காணியைப் பகிரங்க ஏலத்திலன்றி விற்கலாகாது. ஏக்கர் 10 டொலருக்குக் குறையலாகாது. மாநிலத்தின் அரசியல் யாப்பும் தன் பங்குக்கு விதிகளைச் சேர்த்தது: ஓராண்டில் நூறு கட்டங்களுக்கு மேற் பாடசாலைக் காணி விற்கக்கூடாது, ஒருவருக்கோ ஒரு கம்பனிக்கோ 320 ஏக்கருக்கு மேற் போகக்கூடாது. காணிகளைப் பராமரிக்க ஒரு காணிச் சபையும் அமைந்தது. இன்று அதன் உறுப்பினர் ஐவர்: ஆளுநர், சட்டமா அதிபர், மாநிலச் செயலாளர், கணக்குக் கட்டுப்பாட்டாளர், பொதுக்கல்வி அத்தியட்சர். ஐவரும் மக்கள் வாக்கால் தெரிவாகின்றவர்கள்.

சட்டத்தின் நோக்கில் இவ்வைவரும் காணியின் சொந்தக்காரரல்லர், நம்பிக்கைப் பொறுப்பாளர். கோயிற் காணிக்கு அறங்காவலர் எவ்வாறோ அவ்வாறு. வயலை யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது என்று அறங்காவலர் தீர்மானிக்கலாம். தம் மைத்துனருக்கு அரை விலையிற் கொடுக்க அவருக்கு உரிமையில்லை. யாப்பின் ஒன்பதாம் உறுப்புரை இக்கடமையைத் தெளிவாகவே கூறுகிறது: காணியால் உரிய நிறுவனத்துக்கு நெடுங்காலத்தில் கிடைக்கக்கூடிய மிகக் கூடிய பண வருவாயைப் பெறல் வேண்டும். கதை முழுவதும் இவ்வொரு வாசகத்தையே சுற்றிச் சுழல்கிறது.

இனி ஏரிகளுக்கு வருவோம். ஐடஹோவின் வடகோடியில், கனடிய எல்லைக்கு அண்மையில், காடடர்ந்த மலைகளுக்கிடையே கிடப்பது பிறீஸ்ற் ஏரி. மாநிலத்தின் நடுப்பகுதியில், மக்கோல் என்னும் சிற்றூரின் வாசலில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது பயெற் ஏரி. முன்னையதற்குக் கத்தோலிக்கக் குருமாரின் நினைவாகவும் பின்னையதற்கு ஒரு பிரெஞ்சுக் கனடிய வேட்டைக்காரரின் நினைவாகவும் பெயர் வந்தது. அங்கு முன்பே மீன்பிடித்தும் கனி பறித்தும் வாழ்ந்தவர்களை இப்பெயர்கள் சுட்டுவதில்லை. பிறீஸ்ற் ஏரியைத் தம் நாட்டின் ஒரு பகுதியாகக் கொண்டிருந்த கலிஸ்பெல் மக்களோடு அமெரிக்க அரசு உடன்படிக்கை எதையும் நிறைவேற்றவில்லை. 1914இல், அயல் மாநிலமான வொஷிங்ரனில் ஓர் ஆற்றோரத்தில், ஏறத்தாழ 4,600 ஏக்கர் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பிள்ளைகளுக்கான அறம் ஒன்று பிறிதோர் இனத்தின் இழப்பின்மேல் எழுந்தது என்பதை மறந்து இக்கதையைக் கூறுதல் நேர்மையாகாது.

ஏரிக்கரையில் நெல் விளையாது. மேய்ச்சலுக்கும் அது உகந்ததன்று. மரம் வெட்டலாம், அதற்குப் பின்னாலுள்ள காடே போதும். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கரையோரத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கோடைகாலக் குடில் அமைக்க விரும்புவோருக்குக் குத்தகைக்கு விடும் வழக்கம் தோன்றியது. நிலம் மாநிலத்தினுடையது, அதன்மேல் எழும் வீடு குத்தகைக்காரருடையது. தொடக்கத்தில் இதில் எவரும் குறை காணவில்லை. பயன்படாதிருந்த கரையிலிருந்து பாடசாலை நிதிக்குச் சில டொலர் வந்தது. மரப்பலகையால் அமைந்த குடில்கள், வீதி வசதி இல்லை, கோடை முடிந்ததும் பூட்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. வீதிகள் வந்தன, மோட்டார் வண்டியும் ஓய்வுநாளும் உடையோர் பெருகினர். கரை ஒரு பண்டமாயிற்று. குடில் மாளிகையாயிற்று. குத்தகையோ காலந்தோறும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. தந்தை பெயரிலிருந்து மகன் பெயருக்கும், விற்பனை மூலம் அயலார் பெயருக்கும் மாறியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு ஏரிகளிலும் இத்தகைய குத்தகைத் துண்டுகள் ஐந்நூறுக்கு மேலிருந்தன.

குத்தகை எவ்வாறு சொந்தமாகிறது என்பதை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காணித் துண்டின் மதிப்பில் 2.5 வீதம் ஆண்டு வாடகை என்பது பல்லாண்டு கைக்கொள்ளப்பட்ட விதி. 2010இல் காணிச் சபை அதனைப் படிப்படியாக 4 வீதமாக்கத் தீர்மானித்தது. உதாரணமாக, ஒரு துண்டின் மதிப்பு 400,000 டொலர் என்று கொண்டால், முன்னைய விதிப்படி வாடகை 10,000, பின்னையதன்படி 16,000. இடையிலுள்ள 6,000 டொலர் எங்கே போயிற்று? அது குத்தகைக்காரரிடமே தங்கிற்று. ஆண்டுதோறும் 6,000 டொலர் மீதந் தருகின்ற உரிமைக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு. ஆகவே குத்தகைக்காரர் தம் வீட்டை விற்றபோது, பலகைக்கும் ஆணிக்கும் மாத்திரம் விலை பெறவில்லை. மாநிலக் காணியில் மலிவாக இருக்கும் வாய்ப்பையும் சேர்த்தே விற்றார். மாநிலம் அதில் ஒரு சிறு பங்கையே கேட்டது. வசூலிக்கப்படாத வாடகை இவ்வாறு ஒருவர் கையில் முதலாகத் திரண்டது. வாங்கியவரோ முழு விலை கொடுத்து வந்தவர். வாடகையை உயர்த்தும்போது, ‘நான் கொடுத்த பணத்தைப் பறிக்கிறார்கள்’ என்று அவர் முறையிடுவதில் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். முதல் சலுகை பெற்றவர் மறைந்துவிட்டார். முறையீடு மாத்திரம் தலைமுறை தோறும் நிலைக்கிறது.

இம்முறையீட்டுக்குச் சட்டசபையிற் செவி இருந்தது. ஐடஹோவின் பொதுவிதி, ஒரு காணியைக் குத்தகைக்குப் பெற இருவர் விண்ணப்பித்தால் அதனை ஏலத்தில் விடவேண்டும் என்பது. 1990இல் சட்டசபை ஒரு சட்டம் இயற்றி, ஏரிக்கரை வீட்டுக் காணிகளுக்கு அவ்விதி பொருந்தாது என்றது. அதாவது, வேறொருவர் கூடிய வாடகை தர முன்வந்தாலும் இருப்பவரை அசைக்க முடியாது. குத்தகைக்காரர்களுக்குச் சங்கங்கள் இருந்தன, வழக்கறிஞர்கள் இருந்தனர், வாக்கும் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவை எவையும் இல்லை.

இதே போட்டி வேறொரு களத்திலும் நிகழ்ந்தது. 1990களில் சூழல் பாதுகாப்பாளர் சிலர், பாடசாலைப் புல்வெளிகளை ஏலத்தில் எடுத்து மாடு மேய்க்காது ஆறவிட விரும்பினர். கூடிய தொகை கேட்டும் அவர்களுக்குக் குத்தகை மறுக்கப்பட்டது, பண்ணைக்காரரே விரும்பப்பட்டனர். பண்ணைத் தொழிலின் நலனுக்காக இவ்வாறு பாகுபாடு காட்ட இடமளித்த சட்டத்தை மாநில உயர் நீதிமன்றம் 1999இல் செல்லாதென்றது. பாடசாலைகளின் வருவாயன்றி வேறெதையும் கருத்திற் கொள்ள யாப்பு இடந்தரவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். புல்வெளிக்குப் பொருந்திய நியாயம் ஏரிக்கரைக்கும் ஒரு நாள் வந்தே தீரும் என்பதை அன்றே எவரும் ஊகித்திருக்கலாம்.

அந்த நாள் 2010இல் தொடங்கியது. காணிச் சபையின் ஐவருள் ஒருவரான சட்டமா அதிபர் லோறன்ஸ் வாஸ்டன், தாம் அங்கம் வகிக்கும் சபையின்மீதே வழக்குத் தொடுத்தார். வாடகை சந்தை மதிப்புக்குக் குறைந்தது, 1990ஆம் ஆண்டுச் சட்டம் யாப்புக்கு முரணானது என்பன அவர் வாதங்கள். வாஸ்டன் இடதுசாரியல்லர், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பழைமைவாதி. ஒருவர் எக்கட்சியினர் என்பதைக் கொண்டே அவர் செய்கையை அளக்கும் பழக்கமுடைய நம்மவர்க்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான். 2012இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று 1990ஆம் ஆண்டுச் சட்டத்தை வறிதாக்கியது.

குத்தகைக்காரர் அனைவரையும் செல்வச் சீமான்களாகச் சித்திரிப்பதும் தவறு. பாட்டனார் கையால் அமைத்த குடிலை நடுத்தர வருவாயில் பேணிவந்த குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. அயல் வீட்டார் மாளிகை கட்டியதால் தம் காணியின் மதிப்பு ஏறி, வாடகை கொடுக்க முடியாது தவித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய துன்பம் உண்மையானது. ஆயின், அதனை நீக்கும் செலவை எவர் சுமக்கவேண்டும் என்பதே கேள்வி. அம்மாநிலத்தில் ஒரு பாடசாலைக் கட்டிடத்துக்கு நீண்டகாலக் கடன் பெறுவதற்கு அவ்வட்டார வாக்காளருள் மூன்றில் இரு பங்கினர் இசையவேண்டும். பாடசாலைக் கட்டிடங்களுக்கு மாநிலம் நிதி வழங்கும் முறை யாப்பு விதித்த கடமையை நிறைவேற்றவில்லை என்று 2005இல் அதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. காணி நிதியிலிருந்து வருவது பாடசாலைச் செலவில் ஒரு சிறு பங்கே எனினும், அச்சிறு பங்கிலிருந்து கோடைவிடுதிக்குத் தருமம் செய்யும்படி கேட்பது எவ்வாறு பொருந்தும்?

வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே காணிச் சபை வேறொரு முடிவுக்கு வந்திருந்தது. 2010இல், இத்துண்டுகளைக் காலப்போக்கில் முற்றாகக் கைவிடுவது என்று அது தீர்மானித்தது. காரணம் வெளிப்படை. வாடகையை உயர்த்தினால் குத்தகைக்காரர் வழக்காடுகின்றனர். உயர்த்தாவிடின் சட்டமா அதிபர் வழக்காடுகிறார். விற்றுவிட்டால் இரு தொல்லையும் ஒழியும். விற்ற பணத்தை வேறிடத்தில் இட்டால் ஏரிக்கரை தரும் வாடகையிலும் கூடிய வருவாய் கிட்டும் என்ற கணக்கும் காட்டப்பட்டது.

விற்பனை நடந்த முறை கவனிக்கத்தக்கது. யாப்பு ஏலத்தை வேண்டுகிறது. ஆகவே ஏலம் நடந்தது. விரும்பிய குத்தகைக்காரர் விண்ணப்பிப்பார். காணி மதிப்பிடப்படும், மதிப்பே ஏலத்தின் தொடக்க விலை. வேறொருவர் கூடிய விலை கேட்டு வென்றால், வீட்டின் மதிப்பையும் குத்தகைக்காரருக்குச் செலுத்தவேண்டும். சட்டப்படி எவரும் கேட்கலாம். நடைமுறையில், மிகப் பெரும்பாலான துண்டுகளுக்கு ஒரே ஒருவர்தான் கை உயர்த்தினார்: ஏற்கெனவே அங்கிருப்பவர். வேறொருவர் வாழும் வீட்டை, அவர் கண்முன்னே, ஏலத்தில் எடுக்க அயலார் எளிதில் துணியார். சிற்சில துண்டுகளுக்குப் போட்டி எழுந்தது. சிலர் தம் குடிலை இழக்கவும் நேர்ந்தது. எனினும் மொத்தத்தில், போட்டி ஏலம் என்ற பெயரில் நடந்தது இருப்பவருக்கு உறுதி எழுதிக்கொடுக்கும் சடங்கே. 2010களில் ஆண்டுக்காண்டு இவ்வாறு நடந்து, 2020களின் தொடக்கத்தில் பெரும்பாலான துண்டுகள் தனியார் கைக்குப் போயின. பணம் காணி வங்கி எனப்படும் கணக்குக்கு வந்தது. அதிற் சில காட்டுநிலம் வாங்கப் பயன்பட்டது. ஏனையது நிரந்தர நிதியிற் சேர்ந்து பங்குச் சந்தைக்குச் சென்றது.

ஒகையோவில் நிகழ்ந்ததுபோல் இது கொள்ளையன்று. மதிப்பீட்டு விலை கிடைத்தது. மலிவு வாடகையிலும் அது பாடசாலைக்கு நன்மையே என வாதிடலாம். ஆனால் அந்த மலிவு வாடகை இயற்கை நியதியன்றே. பொறுப்பாளர் பல பத்தாண்டு தம் கடமையைச் செய்யாது விட்டதன் பயனே அது. உரிய வாடகை வாங்கத் துணியாத குறையைக் காட்டி, வாடகை போதாது, ஆகவே விற்போம் என்பது விசித்திரமான தருக்கம். நீண்ட காலம் இருந்தவர் அசைக்க முடியாதவராகிறார். அசைக்க முடியாதவருக்கு விற்பதே புத்திசாலித்தனம் ஆகிறது.

இதிலும் ஆழமான முரண் ஒன்றுண்டு. பிள்ளைகளைக் காத்ததும் கரையை விற்றதும் யாப்பின் அதே வாசகந்தான். மிகக் கூடிய பண வருவாய் என்ற சொல் சலுகை பெற்ற குத்தகைக்காரரை வென்றது. அதே சொல் கரையை வெறுங் கணக்காக்கியது. ஒரு துண்டுக் கரையில் நகரத்துத் தொழிலாளியின் பிள்ளை கால் நனைக்கலாம் என்பதற்கு அக்கணக்கில் நிரல் இல்லை. ஏரியின் நீரும் அடித்தளமும் இன்றும் பொதுவுடைமையே. ஆனால் நீரை அடைய நிலத்தைக் கடக்கவேண்டுமே!

பணக்கணக்குக்குப் புறம்பாகவும் கரையைக் காக்க முடியும் என்பதற்கும், காவாவிடின் என்னாகும் என்பதற்கும் அயலிலுள்ள வொஷிங்ரன் மாநிலம் சான்று தருகிறது. 1889இல் அதன் யாப்பு கடலோர அலைவாய் நிலங்கள் மாநிலத்துக்கே உரியவை என்றது. மறு ஆண்டே சட்டசபை, அடுத்துள்ள காணிக்காரருக்கும் கட்டிடம் எழுப்பியிருந்தோருக்கும் அவற்றை முன்னுரிமையோடு விற்கத் தொடங்கிற்று. 1971இல் விற்பனை நிறுத்தப்படுவதற்குள் பியூஜெற் கடற்காலின் அலைவாய் நிலத்திற் பாதிக்கு மேல் கைமாறிவிட்டது. துறைமுகப் பகுதியை மாத்திரம் விற்கலாகாது, முப்பதாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கே விடலாம் என்று அதே யாப்பு தடுத்திருந்தது. அப்பகுதி இன்றும் மாநிலத்திடமே உள்ளது. சட்டசபை உறுப்பினரின் நல்லெண்ணம் இரு இடத்திலும் ஒன்றே. வேறுபட்டது விலக்கு இருந்ததும் இல்லாததும்.

ஐடஹோவில் அத்தகைய விலக்கு இல்லை. 1890இற் கிடைத்த 36 இலட்சம் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்களவு கைவிட்டுப் போயிற்று. ஏறத்தாழ 24 இலட்சம் எஞ்சியுள்ளது. 2020இல் ஒரு தனியார் நிறுவனம், பயெற் ஏரியைச் சூழ்ந்த ஏறத்தாழ 28,000 ஏக்கர் பாடசாலைக் காணியைத் தனக்குத் தந்தால் வேறிடத்திற் காட்டுநிலம் தருவதாக முன்வந்தது. மக்கோல் ஊரவர் கடுமையாக எதிர்த்தனர். 2021இல் அக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆயின், காடும் கரையும் எம் பிள்ளைகள் விளையாடுமிடம் என்று ஊரவர் சொல்லுவது சட்டத்தின் காதில் ஏறும் நியாயமன்று. பாடசாலைக் காணியில் வீதி போட விரும்பினால் அரசாங்கமே முழு மதிப்பையும் செலுத்தவேண்டும் என்று 1967இல் அரிசோனா மாநில வழக்கொன்றில் அமெரிக்க உயர் நீதிமன்றம் விதித்தது. அதே நியாயப்படி, கரையைப் பொதுப் பூங்காவாக வைத்திருக்க விரும்பும் ஊர், கோடீசுவரர் கொடுக்கும் விலையைத் தன் பிள்ளைகளின் பாடசாலைக்குத் தானே கொடுக்கவேண்டும். 2022இல் பயெற் ஏரியின் நடுவே உள்ள 14 ஏக்கர்த் தீவு ஒன்றும் ஏலப் பட்டியலில் ஏறியது.